அந்த மூன்று நாளும் மீனுக்குப் பசிக்கும்

சண்டைமீன் குஞ்சு நீந்தத் தொடங்கிவிட்டால், முதல் பத்து நாளைக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அதற்குத் தீனி வேண்டும். ஒரு நாள் தவறினால் பாதி போய்விடும். இரண்டு நாள் தவறினால் பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடலாம். இவ்வளவுதான் விஷயம். இதை எங்கள் வீட்டில் புரியவைக்க நான் கிட்டத்தட்ட ஒரு வருடம் மல்லுக்கு நின்றேன். மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் அது. மற்றவர்கள் அந்த வருடத்தைப் பற்றிப் பேசினால் கொடி, திடல், கூட்டம் என்பார்கள். எனக்கு ஒரு வெள்ளை எனாமல் பேசின்தான் கண்ணில் நிற்கிறது.

நாங்கள் இருந்தது காஜா பெராங்கில், பலகைச் சுவரும் தகரக் கூரையும் உள்ள வீடு. முன்னால் ஒரு கூடம், நடுவில் ஓர் அறை, அதைத் தாண்டிச் சமையல் செய்யும் குசினி, குசினிக்குப் பின்னால் தகரம் இறக்கிய ஒரு சாய்ப்பு. வீட்டில் மூன்றே பேர். டவுன் பஸ் ஓட்டிய என் கணவர், அவருடைய அம்மா, நான். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மீன் வளர்க்க வேண்டும் என்று நான் ஒன்றும் கனவு கண்டு வரவில்லை. பஸ் ஸ்டேஷனில் டிரைவர்களும் கண்டக்டர்களும் சண்டைமீன் விட்டுப் பந்தயம் கட்டுவார்கள். ஒரு நாள் தோற்றுப்போன மீன் ஒன்றை என் கணவர் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். நல்ல சிவப்பு. வால் கந்தலாகிக் கிடந்தது. "செத்துட்டா தூக்கிப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோற்றவனைத் தூக்கிப் போடுவதாக இருந்தால் வீட்டில் இன்னும் சிலரையும் போட வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மாள் இருந்தார், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய வம்சம். நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங் கெபாயா, வாயில் மலாய். தமிழில் அவருக்குச் சாமி பெயரும் பலகாரப் பெயரும் மட்டும் வரும். கெத்தாப்பாங் என்கிற நாட்டுவாதுமை மரத்தின் காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டு வை, புண் ஆறிவிடும் என்று அவர்தான் சொன்னார். உஜோங் பாசிர் பக்கம் பஸ் ஓட்டப்போன கணவரிடம் சொல்லிக் கடலோர மரத்தடியில் பொறுக்கி வரச் சொன்னேன். தண்ணீர் தேயிலைச் சாயம்போல் மாறியது. பதினைந்து நாளில் வால் திரும்ப வளர்ந்து, விரலைக் காட்டினால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வந்தது. செட்டி அம்மாள் தன் வீட்டுத் தாழியில் கிடந்த ஒரு பெட்டை மீனையும் கொடுத்தார்.

சண்டைமீன் முட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆண் முதலில் தண்ணீர் மேலே எச்சில் குமிழிகளால் ஒரு கூடு கட்டும். பெட்டை முட்டை போட்டதும் ஆண் அதை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டிவைக்கும். பிறகு பெட்டையைக் கடித்துத் துரத்தும். நாம் உடனே பெட்டையைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொன்றுவிடும். குஞ்சு நீந்தும்வரை ஆண்தான் காவல்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது என் மாமியாரும் பக்கத்தில் நின்றார்.

"பாத்தியா, மீனுகூட பொம்பளைய ஒதுக்கித்தான் வைக்குது" என்றார்.

"வைக்குது அத்தே. ஆனா புள்ளைய அது பாத்துக்குது. இங்க எந்த ஆம்பள பாத்துக்கிறான்?"

மாமியார் உள்ளே போய்விட்டார். வாயாடி என்ற பெயர் எனக்கு அதற்கு முன்பே இருந்தது.

அந்த முதல் ஈடு பிழைத்தது. வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் உண்டாகும், அதைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பிறகு அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வைத்துப் பிழிந்தேன். அதற்குப் பிறகு குட்டையிலிருந்து துணி வலையில் அள்ளிவந்த தண்ணீர்ப்பூச்சி, அப்புறம் சாக்கடையோரத்துக் கொசுப்புழு. கொஞ்சம் வளர்ந்ததும் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். அப்போது ஆளுக்கொரு ஜாம் போத்தல். இரண்டு போத்தலுக்கு நடுவே ஓர் அட்டை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுக்கக் கண்ணாடியை முட்டிக்கொண்டே இளைத்துப்போகும்.

பண்டார் ஹிலிரில் பறவைக்கூண்டும் மீனும் விற்ற ஒரு சீனக் கடை முதலாளி, தவுக்கே என்போம், அவற்றை எடுத்துக்கொண்டார். அவர் கொடுத்த காசு பெரிய காசு இல்லை. ஆனால் யாரிடமும் கேட்காமல் என் கைக்கு வந்த முதல் காசு. போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சிவப்பு இன்னும் கொண்டா. மெர்டேக்காவுக்கு எல்லாரும் வீட்டை அலங்காரம் பண்ணுவாங்க. சிவப்பு ஓடும்" என்று கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் சொன்னார். நான் வீடு வரும்வரை கால் தரையில் படாமல் வந்தேன்.

இப்போது அந்த மூன்று நாள் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். நடந்ததை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

மாதம் மூன்று நாள் நான் சாய்ப்புக்குப் பக்கத்தில் தட்டி வைத்து மறைத்த இடத்தில் உட்கார வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனிக் குவளை. கிணற்றடிக்குப் போகக்கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது, கறிவேப்பிலைச் செடி பக்கம் நிழல் விழக்கூடாது. ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் கீழே வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்வார்.

நான் பிறந்தது அலோர் காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். ஓர் அறை, ஓர் அடுப்பு, ஏழு பேர். தீட்டு என்று ஒதுங்கி உட்கார அங்கே மூலையே கிடையாது. எந்த நாளாக இருந்தாலும் என் அம்மா இருட்டோடு எழுந்து பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்பாள், பால் வடியப் பட்டையைக் கீறி மரம் வெட்டுவாள், பால் வாளியைச் சுமப்பாள். அவள் கைபட்டு எந்த மரமும் பட்டுப்போகவில்லை. இன்றைக்கு உனக்குத் தீட்டு, வீட்டில் இரு என்று எந்தக் கங்காணியும் சொன்னதில்லை.

என் மாமியாரும் தோட்டத்தில் மரம் வெட்டியவர்தான். மாமனாருக்கு டவுனில் வேலை கிடைத்து, இந்த வீட்டுக்கு வந்து, பின்னால் ஒரு சாய்ப்பும் கிடைத்த பிறகுதான் அவருக்குத் தீட்டு வந்தது. தோட்டத்தில் தனி வீடு இருந்த மேல்வீட்டுக்காரர்கள் செய்வதை எட்ட நின்று பார்த்தவர், தனக்கு ஒரு வீடு என்று ஆனதும் அவர்களைவிடக் கடுமையாகச் செய்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் ஆசை அவருக்கு. ஆனால் என் மீன் அதற்காக ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

முதல் ஈட்டுக்குக் குஞ்சுப் பருவமும் என் நாளும் மோதவில்லை. நல்ல நேரம். தைப்பூசம் கழிந்து பொரித்த இரண்டாம் ஈட்டுக்கு மோதியது. குஞ்சு நீந்திய மறுநாள் நான் தூரமானேன். மாமியார் அந்தத் தீனியைத் தொடமாட்டார். கணவரிடம் போடச் சொன்னால், "பஸ்ஸ நடு ரோட்டுல நிறுத்திட்டு வரவா?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். ஆகவே மாமியார் மார்க்கெட்டுக்குப் போன நேரம், குளிக்கப்போன நேரம் என்று பார்த்து நானே பதுங்கிப் பதுங்கிச் சாய்ப்புக்குப் போய்த் தீனி விட்டேன். என் வீட்டில், என் மீனுக்கு, திருடிபோல. இரண்டாம் நாள் மாமியார் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே எனக்கு அதிசயமாக இருந்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். வெள்ளை பேசின் அடியில் குஞ்சுகள் எல்லாம் தூசிபோல் படிந்து கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. தண்ணீர் கலங்கியிருந்தது. கெத்தாப்பாங் சாயத்தில் வேறு நிறம் எதுவும் தெரியவில்லை.

"நான்தான் அப்பவே நெனச்சேன்" என்றார் மாமியார். "தொடக்கூடாத நாள்ல தொட்ட. பச்சப் புள்ளைங்க, தாங்குமா?"

நான் அழுதேன். அதைவிட மோசம், நம்பினேன். என் அம்மாவின் கையை நினைத்துப் பார்த்தும் நம்பினேன். நூற்றுக்கும் மேல் குஞ்சு ஒரே இரவில் செத்துக் கிடக்கும்போது புத்தி நிதானமாக வேலை செய்யாது. ஒரு மாதத்துக்கு மேல் என் கையையே எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலும் பேச்சு முடிந்துபோனது. "இன்னொரு தடவ செத்துச்சுன்னா தாழி போத்தல் எல்லாத்தையும் கவுத்துடலாம். சும்மா சுசா, தொல்ல" என்று கணவர் சொன்னார். சரி என்று தலையாட்டினேன்.

பேசினைக் கழுவாமலே சாய்ப்பில் பலகைக்குக் கீழே தள்ளி வைத்திருந்தேன். பார்க்கவே மனம் வரவில்லை. பங்குனியில் ஒரு நாள் அரிசி புடைக்கும்போது முறம் தேடிக் குனிந்தவள் அதை வெளியே இழுத்தேன். உள்பக்கம், தண்ணீர் நின்ற மட்டத்தில், சுற்றிலும் மஞ்சளாக ஒரு கோடு. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. கெத்தாப்பாங் சாயம் தேய்த்தால் போய்விடும், அது பழுப்பு. இது மஞ்சள். விளிம்பில் காய்ந்த வேப்பிலை ஒன்றும் ஒட்டியிருந்தது.

பேசினைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குப் போனேன். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, இதுல மஞ்சத் தண்ணி ஊத்தினீங்களா?"

அவர் மறைக்கவே இல்லை. "ஊத்தாம? நீ தொட்டுட்டு வந்த. தீட்டு கழிய வேணாமா? வேப்பிலைய நல்லா கசக்கிப் போட்டு, ரெண்டு சொம்பு ஊத்தினேன்."

"அதனாலதான் செத்துச்சு."

"என்ன பேச்சு பேசுற? மஞ்சளும் வேப்பிலையும் கொல்லுமா? ஆத்தாளோட மருந்துடி அது. அதுங்க பொழைக்கணும்னுதான் ஊத்தினேன். நீ சொல்லிக் குடுத்தியா? நானா செஞ்சேன்."

அந்த முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே அவர் அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். அம்மை போட்ட பிள்ளைக்குச் செய்வதை மீனுக்குச் செய்திருக்கிறார். கொஞ்சத் தண்ணீரில் கிடந்த, ஊசிமுனை அளவு உயிர்கள் மேல் இரண்டு சொம்பு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகு இரண்டும் நின்று கோபம் மட்டும் மிஞ்சியது. ஒரு மாதமாக நான் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேனே, அந்தக் கோபம்.

அன்று கணவர் வேலை முடிந்து வந்ததும் பேசினைக் காட்டினேன். அவர் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. ஆனால் அவர் சொன்னது இதுதான்: "சரி, அடுத்த தடவ அம்மாவுக்குத் தெரியாம போடு. எதுக்கு வம்பு?"

"தெரியாம போட்டதாலதாங்க செத்துச்சு. தெரிஞ்சே போட்டிருந்தா நான் பக்கத்துலயே நின்னிருப்பேன். யாரும் ஒண்ணும் ஊத்தியிருக்க முடியாது."

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரு வந்து தீனி போடட்டும்."

அவர் சாப்பிடப் போய்விட்டார். செட்டி அம்மாளிடம் வேலியோரம் இதைச் சொன்னபோது அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, எங்கள் வீட்டிலும் அந்த நாட்களில் சாமி அறைக்குப் போகமாட்டோம், ஆனால் மீன் தாழியைச் சாமி என்று உனக்கு யார் சொன்னது என்று மலாயில் கேட்டார். இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். பாதிக் குஞ்சுகளுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காட்டு, அப்போதுதான் உன் மாமியார் நம்புவார் என்றும் அவர் யோசனை சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் மீன் வளர்க்க வந்தவள். கொன்று காட்டி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

சித்திரை கடைசியில் மூன்றாம் ஈடு பொரித்தது. கணக்குப் பார்த்தேன். நாள் மறுபடியும் குஞ்சு நீந்துகிற வாரத்தில்தான் வந்து விழும். வரட்டும் என்று இருந்தேன்.

வந்தது. காலையில் மாமியார் அடுப்புக்கு முன்னால் இருந்தார், கணவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் நின்று, இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரம். அடுப்பங்கரைக்கு வரமாட்டேன், சாமி அறைக்கு வரமாட்டேன். மீனுக்குத் தீனி போடுவேன். அதுல யாரும் குறுக்க வரக்கூடாது."

கணவர் பொத்தானைப் போடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்குத்தான் எப்போதும் சரியான நேரத்தில் நேரமாகிவிடுகிறது.

நான் பேசின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் ஒரு பெருமையும் இல்லை. மஞ்சள் தண்ணீர்தான் கொன்றது என்று நான் நினைத்தது பொய்யாக இருந்து, உண்மையிலேயே என் கைதான் காரணம் என்றால் என்ன செய்வேன்? அப்படியே முதல் தீனியை விட்டேன். குஞ்சுகள் வந்து கொத்தின.

பத்து மணி சுமாருக்கு மாமியார் பித்தளைச் சொம்போடு வந்தார். மஞ்சளும் வேப்பிலையும் மேலே தெரிந்தன.

"நவுரு."

"நவுர மாட்டேன் அத்தே."

"தீட்டு சேர்ந்து நிக்குது. கழிக்காம விட்டா குடும்பத்துக்கே ஆகாது. நவுருடி."

"தீட்டு எங்கிட்டதானே இருக்கு? மீனுகிட்ட இல்லையே. கழிக்கணும்னா என் தலையில ஊத்துங்க."

முறத்தை எடுத்துப் பேசினை மூடினேன். அதன்மேல் முதுகை வளைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அவர் ஊற்றமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஊற்றினார். சொம்பு காலியாகும்வரை ஊற்றினார். கண்ணில் எரிச்சல், வாயில் வேம்பின் கசப்பு, சட்டை முழுக்க மஞ்சள். பேசினில் ஒரு சொட்டு விழவிடவில்லை. பிறகு எழுந்து வாளித் தண்ணீரில் கையை மூன்று தடவை கழுவித் துடைத்துவிட்டு, முறத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன.

"தீட்டும் கழிஞ்சிருச்சு, மீனும் பொழச்சிருச்சு. இனிமே தினமும் இப்படியே ஊத்துங்க அத்தே" என்றேன்.

அவர் ஊற்றவில்லை. அந்த மூன்று நாளும் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. தனக்கு மட்டும் தனியாகச் சமைத்துக்கொண்டார். நான் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தீனி போட்டேன். இடையில் முக்காலியை விட்டு அதிக நேரம் நகரவில்லை. நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து குஞ்சுகளை எண்ண முயன்றேன், முடியவில்லை. அவ்வளவு இருந்தன.

பிழைத்ததைப் பார்த்து மாமியார் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். "ஆத்தா இந்தத் தடவ பொறுத்துக்கிட்டா" என்றார், அவ்வளவுதான். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அந்த மூன்று நாள் வந்தது, நான் தீனி போட்டேன், அவர் தனிச் சமையல் செய்தார். ஆடி மாதம் போத்தல் போத்தலாகச் சிவப்பு மீன்கள் வரிசையில் நின்றன. தவுக்கே மெர்டேக்காவுக்கு முந்திய வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முன்னால் மாமியார் கோயிலுக்குப் போய், கோயில் கமிட்டித் தலைவரிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். தலைவர் எங்கள் ஆட்கள் மத்தியில் மரியாதைக்குரியவர். கல்யாணப் பேச்சு, பாகப்பிரிவினை எல்லாம் அவர் சொல்படிதான். வீட்டுக்கு வந்து புத்தி சொல்வதாக ஒத்துக்கொண்டார். எந்த நாளில் வரச் சொன்னார் என் மாமியார்? என் இரண்டாம் நாளில். நான் தூரமான காலத்தில் வீட்டில் நடமாடுவதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று. கெட்டிக்காரி.

"தலைவரு என்ன சொல்றாரோ அதான் முடிவு" என்று கணவர் அன்று காலையிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருக்கு லீவு. "வேணாம்னு சொன்னா, நானே எல்லாத்தையும் சாக்கடையில கவுத்துடுவேன். அதுக்கு மேல நீ ஒரு வார்த்த பேசக்கூடாது."

எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொன்னால் செய்கிறவர். மூன்று மாதம் நான் வளர்த்த மீன்கள் சாக்கடைக்குப் போக ஒரு வார்த்தை போதும்.

தலைவர் மத்தியானம் வந்தார். வெள்ளை நீளக்கைச் சட்டை, வேட்டி, கறுப்புக் குடை. கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். நான் நடு அறை வாசலில் நின்றேன்.

"அம்மா வயசானவங்க. அவங்க மனசு நோகும்படி நடந்துக்கலாமா? நம்ம பழக்கவழக்கத்த நாமளே விட்டா, நாளைக்கு வெளியில நம்மள யாரு மதிப்பா?" என்று ஆரம்பித்தார். மெதுவாக, நன்றாகவே பேசினார். நான் தலையைக் குனியவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "அப்படி என்ன மீனு அது? எங்க வெச்சிருக்க?" என்று எழுந்தார்.

சாய்ப்புக்கு எல்லாரும் போனோம். பலகைமேல் போத்தல்கள். நான் நடுவிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக உருவினேன். அவ்வளவுதான் நான் செய்தது. பக்கத்துப் போத்தலில் எதிரியைப் பார்த்ததும் ஒவ்வொரு மீனும் செவுளையும் துடுப்பையும் விரித்தது. மத்தியான வெயில் தகர இடுக்கு வழியாக விழுந்துகொண்டிருந்தது. பலகை முழுக்கச் சிவப்பு.

தலைவர் குடையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். வந்த வேலை அவருக்கு மறந்துபோனது என்றுதான் நினைக்கிறேன்.

"இதையெல்லாம் நீயா வளர்த்த?"

"நான்தான் ஐயா."

"மூணாவது போத்தல்ல இருக்கறதக் குடு. மெர்டேக்கா அன்னிக்கு வீட்டுல ஆளுங்க வருவாங்க, கூடத்துல வெச்சா நல்லாருக்கும். என்ன வெல சொல்லு."

மாமியார் என்னைப் பார்த்தார். கணவர் குடையைப் பார்த்தார். நான் மூன்றாம் போத்தலை எடுத்துத் துணியால் துடைத்தேன். இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"அத்த உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. இன்னைக்கு நான் தூரம் ஐயா. இந்தக் கையாலதான் இது குஞ்சுலேருந்து தீனி தின்னு வளந்துச்சு. போன மாசம் தூரத்துலயும் இந்தக் கைதான், அதுக்கு முந்தின மாசமும் இந்தக் கைதான்."

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"சரிம்மா. கீழ வையி. நான் எடுத்துக்கிறேன்."

வழக்கம் அதுதான். ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு விலகியிருந்தால் எல்லாருக்கும் மரியாதை மிஞ்சியிருக்கும். மீன்களும் பிழைத்திருக்கும். என் கணவர் கண்ணாலேயே வை, வை என்று கெஞ்சினார்.

"கீழ வெக்க மாட்டேன் ஐயா. வேணும்னா கையில வாங்கிக்குங்க. வேணாம்னா பரவால்ல, தவுக்கே வந்து எடுத்துக்குவாரு."

என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. போத்தல் தண்ணீர் லேசாக ஆடியது ஞாபகம் இருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மீனைப் பார்த்தார். அது அவரையே எதிரியாக நினைத்துக்கொண்டு கண்ணாடியில் முட்டியது. அவர் இரண்டு கையையும் நீட்டினார். அவர் விரல் என் விரலில் பட்டது. போத்தலை வாங்கிக்கொண்டார்.

"ஐயா, அப்ப இந்தத் தாழி விஷயம்..." என்று கணவர் இழுத்தார்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே தலைவர் கூடத்துக்கு நடந்தார். போத்தலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். குடையை மறந்துவிட்டுப் போனார், கணவர் பின்னாலேயே ஓடினார்.

நான் அட்டைகளைத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தேன். மாமியார் நின்ற இடத்திலேயே நின்றார்.

"கோயில் தலைவருக்கே தீட்ட குடுத்து அனுப்பிட்டியேடி" என்றார்.

"நானா குடுத்தேன்? கை நீட்டி வாங்கிட்டுப் போனாரு அத்தே."